ட்ரக் கேம்பர்ல குடும்பத்தோட கிழக்குக் கனடா: ரொறன்ரோவில இருந்து நியூபவுண்லாந்து வரை ஆரும் போனனீங்களோ?

வடமராட்சிப்பிள்ளை | மார்ச் 2025

வணக்கம். இந்த ஜூலை பள்ளிக்கூடம் விட்ட கையோட கிழக்குப் பக்கம் வெளிக்கிடுவம் எண்டு வீட்டில முடிவெடுத்தாச்சு. நானும் மனுசனும், மகனுக்கு 12 வயசு, மகளுக்கு 8, அம்மாவுக்கு 71. அத்தானிட்ட ஒரு பிக்கப் ட்ரக்கும் அதுக்கு மேல ஏத்துற கேம்பரும் இருக்கு, தான் இந்த வருசம் எங்கயும் போகேல்ல, நீங்கள் கொண்டு போங்கோ எண்டு திறப்பைத் தந்திட்டார். நாலு கதவு ட்ரக், அஞ்சு பேருக்கும் பெல்ட் இருக்கு. கேம்பருக்குள்ள ட்ரைவர் தலைக்கு மேல வாற பெரிய கட்டில் ஒண்டு, மேசையை மடிச்சா இன்னொண்டு, குட்டி ரொய்லெட், காஸ் அடுப்பு, பிரிட்ஜ்.

நினைச்சிருக்கிற வழி கியூபெக், நியூ பிரன்ஸ்விக், பி.இ.ஐ (பிரின்ஸ் எட்வேர்ட் தீவு), நோவா ஸ்கோஷியா, கேப் பிரெட்டன், ஏலுமெண்டா வண்டியைக் கப்பல்ல ஏத்தி நியூபவுண்லாந்து. ஒரு மூண்டு கிழமைக்கிட்ட கையில இருக்கு. அம்மா பருத்தித்துறை ஆள், கடல் எண்டா உயிர். கனடா வந்து இவ்வளவு வருசத்தில ஒன்ராறியோ வாவியைத்தான் காட்டியிருக்கிறம், உப்பில்லாத தண்ணியை அவ கடலெண்டு ஒத்துக்கொள்ளவே மாட்டா. அதால இந்தப் பயணம் முக்கியமா அவவுக்காக. எதைக் கட்டாயம் பாக்கோணும், எதை விடலாம், அவவுக்கு இது கஷ்டமா இருக்குமோ, போய் வந்த ஆக்கள் விபரமாச் சொல்லுங்கோ.

மிசிசாகாவாசி

அம்மாவ கூட்டிட்டுப் போறதா இருந்தா கேம்பர் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். நாங்க கார்ல போய் மோட்டல்ல தங்கினோம், நிம்மதியா இருந்துச்சு. ட்ரக் கேம்பரோட பின் படி உயரம், ராத்திரி எந்திரிச்சு அந்த பாத்ரூமுக்குள்ள பெரியவங்க திரும்பறதே சிரமம், அதோட பெட்ரோல் செலவு கார மாதிரி ரெண்டு மடங்கு ஆகும். நியூஃபவுண்ட்லேண்ட விட்டுடுங்க. டொரண்டோல இருந்து ஹாலிஃபாக்ஸே 1,800 கிலோமீட்டர் கிட்ட வருது, அதுக்கு மேல கப்பல், அதுக்கு மேல தீவுக்குள்ள 900 கிலோமீட்டர், குழந்தைங்க ஜன்னல் வழியா மரத்த மட்டும்தான் பார்ப்பாங்க.

18சில்லு

தங்கச்சி, நான் இந்த ரோட்டில கனகாலமா லொறி ஓடுறன், மொங்டன், ஹலிபாக்ஸ், நோர்த் சிட்னி எல்லாம் சாமான் இறக்கிற இடங்கள். கேம்பரில போகலாம், ஆனா கார் ஓடுற மாதிரி நினைச்சு வெளிக்கிடக் கூடாது.

முதல் வேலை, கேம்பரை ஏத்தினாப் பிறகு நிலத்தில இருந்து மேல ஏசி மூடி வரைக்கும் நாடா பிடிச்சு அளந்து மீற்றரிலயும் அடியிலயும் எழுதி ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில ஒட்டுங்கோ. கோப்பிக்கடை டிரைவ் த்ரூ, பார்க்கிங் கட்டடம், பழைய பாலம் எல்லாத்திலயும் உயரம் எழுதியிருக்கும், கிட்டப் போய் நிண்டு யோசிக்கிற நேரமில்லை அது. நியூ பிரன்ஸ்விக்ல ஹார்ட்லண்ட் எண்ட இடத்தில கூரை போட்ட மரப்பாலம் இருக்கு, 391 மீற்றர், அந்த வகையில உலகத்திலயே நீளமானது, 1901ல திறந்தது. வண்டியைக் கரையில விட்டிட்டு பிள்ளையளோட நடந்து போய்ப் பாருங்கோ, நடக்கிறதுக்கெண்டு தனிப் பாதை இருக்கு.

மொன்றியலுக்குள்ள போகவே வேண்டாம். 30ஆம் நம்பர் ஓட்டோறூட்டை, அதாவது கியூபெக் நெடுஞ்சாலையைப் பிடிச்சா நகரத்தைத் தெற்கால சுத்திக்கொண்டு போய் 20ல ஏறலாம். வழியில ஒரு பாலத்துக்கு கொஞ்சக் காசு எடுப்பாங்கள், குடுத்திட்டுப் போங்கோ. உங்களிட்ட புரொப்பேன் சிலிண்டர் இருக்கு, மொன்றியல் சுரங்கப் பாதையளில காஸுக்குக் கட்டுப்பாடு இருக்கு, 30ல போனா அந்தக் கேள்வியே வராது.

பாரம் முக்கியம். ட்ரக்கின்ர ட்ரைவர் கதவைத் திறந்தா எவ்வளவு பாரம் ஏத்தலாம் எண்டு ஸ்ரிக்கர் இருக்கும். கேம்பர், அஞ்சு பேர், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் அதுக்குள்ள அடங்கோணும். தண்ணி ஒரு லீற்றர் ஒரு கிலோ, டாங்கை முட்ட நிரப்பிக்கொண்டு ஓடாதேங்கோ, தங்கிற இடத்தில நிரப்பலாம். டயர்க் காத்து ஒவ்வொரு காலமையும் பாக்கோணும். ஓடேக்க ஒருத்தரும் கேம்பருக்குள்ள படுக்கக் கூடாது, பிள்ளை நித்திரை எண்டாலும் முன்னுக்கு பெல்ட்டோடதான்.

மூஸ், அது ஒரு பெரிய மான் வகை. இதை நான் பயப்படுத்தச் சொல்லேல்ல. அதின்ர கால் அவ்வளவு உயரம், கார் லைட் அதின்ர உடம்பில படாது, கறுத்த ரோட்டில கறுத்த மிருகம். அடிபட்டா கால் முறிஞ்சு முழு உடம்பும் கண்ணாடிக்கு மேலாலதான் வரும். பொழுது சாய முன்னம் வண்டி நிப்பாட்டியிருக்கோணும். கேப் பிரெட்டன்ல இதைக் கடைப்பிடியுங்கோ, நியூபவுண்லாந்து போனா இன்னும் கண்டிப்பா.

கேப் பிரெட்டன்ல இருக்கிற கபட் டிரெயில் எண்ட மலை றோட்டு 298 கிமீ சுத்து. நோர்த் மவுண்டன், கேப் ஸ்மோக்கி ரெண்டிலயும் இறக்கம் சரியான செங்குத்து. பிரேக்கில காலை வைச்சுக்கொண்டே இறங்கினா சூடேறி மணக்கும், மேல இருக்கேக்கயே சின்ன கியருக்குப் போட்டிட்டு இறங்கோணும். மணிக்கூட்டு முள்ளுச் சுத்துற பக்கமாப் போங்கோ, அப்ப நீங்கள் மலைச் சுவர்ப் பக்கம், விளிம்பு மற்றப் பக்கம், ஓடுற ஆளுக்கு மனம் ஆறுதலா இருக்கும்.

ஹாலிஃபாக்ஸ்_கோவை

அண்ணா சொன்ன எல்லாத்துக்கும் ஓகே, கடைசி பாயிண்ட் மட்டும் எனக்கு உடன்பாடு இல்ல. கபட் டிரெயில எதிர்ப்பக்கமா சுத்தினா கடல் நம்ம வலது கைப்பக்கம் வரும், வியூ பாயிண்ட் நிறைய அந்தப் பக்கம்தான், வளைவுல எதிர் லேனக் கடந்து திரும்பற வேலை இருக்காது. கேம்பர் மாதிரி நீள வண்டிக்கு அந்தத் திரும்பல்தான் ஆபத்து.

நான் இங்க வந்து கொஞ்ச வருஷமாச்சு, ஊர்ல இருந்து யார் வந்தாலும் அதே கேள்வி, எத்தன மாகாணம் முடிக்கலாம்னு. தயவுசெஞ்சு அப்படி ப்ளான் பண்ணாதீங்க. இங்க நேரத்த முடிவு பண்றது கடல்தான். நியூ பிரன்ஸ்விக்ல இருக்கற ஹோப்வெல் ராக்ஸ்ங்கற கடற்கரைப் பாறைகள எடுத்துக்கோங்க. ஃபண்டி விரிகுடாவுல உலகத்துலயே உயரமான ஓதம் (கடல் தண்ணி ஏறி வத்தறது), சில இடத்துல 16 மீட்டர் வரைக்கும் ஏறி இறங்குது. அந்த விரிகுடாவோட நீளமும் ஆழமும் எப்படி அமைஞ்சிருக்குன்னா, உள்ள போன தண்ணி முட்டித் திரும்பி வர்ற நேரமும் வெளிக்கடல்ல அடுத்த ஓதம் வர்ற நேரமும் கிட்டத்தட்ட ஒண்ணா விழுது, அதனால ஒவ்வொரு தடவையும் தள்ளிவிட்டு தள்ளிவிட்டு உயரம் கூடிடுது. ஒரு உச்சத்துல இருந்து அடுத்த உச்சத்துக்கு 12 மணி 25 நிமிஷம். கீழ இறங்கி கடல் தரையில நடக்கறதுக்கு தண்ணி வத்தற நேரத்துக்கு மூணு மணி முன்னாடியும் மூணு மணி பின்னாடியும்தான். தினமும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஓத அட்டவணைய முதல்ல எடுத்து வெச்சுட்டு மத்ததெல்லாம் அப்புறம் எழுதுங்க. முடிஞ்சா ஆல்மா கிராமத்துல ஒரு ராத்திரி தங்குங்க, வத்தும்போது மீன்பிடிப் படகெல்லாம் சேத்துல உக்காந்திருக்கும், சில மணி நேரம் கழிச்சுப் பார்த்தா அதே படகு மிதக்கும், பசங்களுக்கு இதுக்கு மேல பாடம் வேண்டாம்.

பி.இ.ஐ பத்தி ஒண்ணு. தீவுக்குள்ள போறதுக்குக் காசு கிடையாது, வெளிய வரும்போதுதான் வாங்குவாங்க, பாலமானாலும் சரி ஃபெர்ரியானாலும் சரி. பாலம் கப்பல விட மலிவு, இந்த 2025 மார்ச்ல காருக்கு 50.25 டாலர். அதனால நேரா நோவா ஸ்கோஷியா போயிடுங்க, கேப் பிரெட்டன் எல்லாம் முடிச்சு திரும்பும்போது கரிபூங்கற இடத்துல ஃபெர்ரி ஏறி 75 நிமிஷத்துல தீவுக்குப் போய், கான்ஃபெடரேஷன் பாலம் வழியா வெளிய வாங்க. ரெண்டையும் பார்த்த மாதிரி ஆச்சு, ஒரு காசுதான். அந்தப் பாலம் 12.9 கிலோமீட்டர், 1997ல திறந்தது. ஆனா காத்து 70 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்தா உயரமான வண்டிகள விடமாட்டாங்க, கேம்பரும் அதுல சேரும். கடைசி நாள் அந்தப் பாலத்த நம்பி வீட்டுக்குத் திரும்பற நேரத்த இறுக்கி வெச்சுக்காதீங்க.

விறகு ஒன்டாரியோல இருந்து கொண்டு வராதீங்க, பூச்சி பரவும்னு தடை இருக்கு. பெக்கிஸ் கோவ்ல கறுப்பா ஈரமா இருக்கற பாறைல கால் வைக்கவே கூடாது, அலை எப்ப வரும்னு தெரியாது, ஆள இழுத்துட்டுப் போயிருக்கு. பார்க்ஸ் கனடா (தேசியப் பூங்காத் துறை) கேம்ப் இடங்கள உடனே பதிவு பண்ணுங்க.

18சில்லு

தம்பி சொல்லுற காரணம் சரிதான், வியூ பொயின்ருக்கு அந்தப் பக்கம் வசதி. ஆனா ஓடுறது ஆர் எண்டு பாக்கோணும். மலை ரோட்டுப் பழக்கம் இல்லாத ஆளை விளிம்புப் பக்கம் விட நான் சொல்லமாட்டன்.

வடமராட்சிப்பிள்ளை

ரெண்டு பேருக்கும் கோடி நன்றி, பி.இ.ஐ விசயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, வழியைத் தலைகீழா மாத்திட்டம். மிசிசாகாக்காரர் சொன்ன படி விசயத்தை அத்தானோட கதைச்சனான், அவர் பிடிகம்பியோட அகலமான படி ஒண்டு பூட்டித் தாறன் எண்டிட்டார். அம்மா கீழ் கட்டில்ல, இரவில மகளைப் பக்கத்தில படுக்க விடுவம். மலையில நான்தான் ஓடப்போறன், அதால 18சில்லு அண்ணன் சொன்ன பக்கம்.

இப்ப ஒரே குழப்பம் நியூபவுண்லாந்து. போறதோ விடுறதோ?

மூஸ்நாட்டு_மாணவன்

நான் செயின்ட் ஜான்ஸ்ல மெமோரியல் யூனிவர்சிட்டில படிக்கறேன், சொந்த ஊர் மதுரை. விடாதீங்க அக்கா.

நார்த் சிட்னில கப்பல் ஏறினா போர்ட் ஓ பாஸ்க் போக ஏழு மணி நேரம். அர்ஜென்ஷியாவுக்கு இன்னொரு கப்பல் இருக்கு, 16 மணி நேரம், கோடைக்கு மட்டும்தான். ஒண்ணுல போய் இன்னொண்ணுல திரும்புங்க, தீவ ரெண்டு தடவ குறுக்க ஓட வேண்டாம். டிக்கெட் போடும்போது வண்டி நீளம் உயரம் சரியா குடுக்கணும், 20 அடிக்கு மேல போனா ஒவ்வொரு அடிக்கும் காசு. காஸ் வால்வ மூடணும், கேப்பாங்க. கடல்ல போகும்போது வண்டிக்குள்ள இருக்க விடமாட்டாங்க, அதனால அம்மாவோட மாத்திரை, சால்வை எல்லாம் ஒரு பையில எடுத்துட்டு மேல போயிடுங்க. ராத்திரிக் கப்பல்னா கேபின் எடுங்க.

இறங்கின உடனே ரெக்ஹவுஸ்னு ஒரு இடம். மலையில இருந்து இறங்கற காத்து 200 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் வீசும், முன்னாடி ரயில் ஓடின காலத்துல பெட்டியெல்லாம் தண்டவாளத்த விட்டுத் தூக்கிப் போட்டிருக்கு. அங்க லாக்கி மக்டூகல்னு ஒருத்தர் குடியிருந்தார், காத்து மாறறது அவருக்கு முன்கூட்டியே தெரியும்னு ரயில்வே அவருக்கு மாசம் 20 டாலர் குடுத்து வெச்சிருந்தது, இன்னைக்கு ரயில் விடாதீங்கன்னு அவர் சொன்னா நிறுத்திடுவாங்க. ட்ரக் கேம்பர்ல வர்றவங்க காத்து எச்சரிக்கை இருந்தா துறைமுகத்துலயே நின்னுடணும், ஒரு நாள் போனாலும் பரவாயில்ல.

மூஸ் இங்க சொந்த மிருகமே இல்ல, 1904ல நியூ பிரன்ஸ்விக்ல இருந்து நாலு கொண்டு வந்து விட்டாங்க, இப்ப லட்சத்துக்கு மேல இருக்கு. அண்ணா சொன்னது அத்தனையும் உண்மை.

க்ரோஸ் மோர்ன் தேசியப் பூங்கால டேபிள்லேண்ட்ஸ்ங்கற மலை பாருங்க. பூமி மேலோட்டுக்குக் கீழ மேன்டில்ங்கற அடுக்குல இருக்க வேண்டிய பாறை மேல வந்து கிடக்கு, காவி நிறத்துல, செடி கொடி அதிகம் முளைக்காது. அங்க இருந்து வடக்க போனா லான்ஸ் ஓ மெடோஸ், ஆயிரம் வருஷம் முன்னாடி வைக்கிங் ஆளுங்க வந்து தங்கின இடம், வெட்டின மரத்த வெச்சு 1021னு வருஷமே கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா உங்க நாட்கள்ல வடக்கையும் கிழக்கையும் சேர்த்து முடிக்க முடியாது. கிழக்க வாங்கன்னு நான் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு.

செயின்ட் ஷாட்ஸ். அவலோன் தீபகற்பத்தோட தெற்கு முனை. 1986 ஆகஸ்ட் 11ஆம் தேதி அந்தக் கடல்லதான் 155 ஈழத் தமிழர்கள் ரெண்டு திறந்த உயிர்காப்புப் படகுல பனிமூட்டத்துல தத்தளிச்சுட்டு இருந்தாங்க. மேற்கு ஜெர்மனில இருந்து ஏத்திட்டு வந்த கப்பல் அவங்கள நடுக்கடல்ல இறக்கி விட்டுட்டுப் போயிடுச்சு. மூணு நாள் அளவுக்கு மிதந்திருக்காங்க. கஸ் டால்டன்னு ஒரு மீனவர் தன்னோட படகுல மீன்பிடிக்கப் போனவர் பார்த்து, மத்த படகுகளையும் கூப்பிட்டு எல்லாரையும் ஏத்திக் காப்பாத்தினார். நான் இப்ப படிக்கற இந்த யூனிவர்சிட்டி விடுதிலதான் அவங்கள முதல்ல தங்க வெச்சாங்க. இங்க வந்த புதுசுல எனக்கு இது தெரியாது, இங்க இருக்கற ஒரு வயசான பேராசிரியர் நான் தமிழ்னு தெரிஞ்சதும் சொன்னார்.

நீலவானம்67

தம்பி, இதை எழுதினதுக்கு நன்றி. 86ல அந்தச் செய்தி வந்த நேரம் நான் மொன்றியல்ல சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவிக்கொண்டிருந்தனான். ரேடியோவிலயும் பேப்பரிலயும் ஒரே வாக்குவாதம், இவை பொய் சொல்லி வந்த ஆக்கள், திருப்பி அனுப்புங்கோ எண்டு ஒரு பக்கம். பிரதமர் மல்றோனி அனுப்பமாட்டம் எண்டு சொன்னவர். அந்த நேரம் இங்க இருந்த எங்களுக்கெல்லாம் அந்தப் பேச்சு எவ்வளவு பெலமா இருந்தது எண்டு இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது. பிள்ளை, உங்கட பிள்ளையளுக்கு அந்தக் கடலைக் காட்டுங்கோ.

கூழ்ப்பானை

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையே. ஸ்காபரோவில வெளிக்கிடேக்கயே ஒடியல் மா, செத்தல் மிளகாய், பழப்புளி, வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் கட்டிக்கொண்டு போங்கோ, மொங்டனுக்கு அங்கால எங்கட சாமான் தேடி அலைய வேண்டி வரும். மீனும் நண்டும் மட்டி சிப்பியும் போற வழியெல்லாம் துறையடியிலயே வாங்கலாம். பி.இ.ஐல கயிறு கட்டி வளர்க்கிற மட்டி மலிவு, தீவுக்குள்ளயே கூழ் காய்ச்சினா அதின்ர ருசி வேற. பொரியல் வேலை எல்லாம் வெளி அடுப்பில, உள்ளுக்குள்ள மீன் பொரிச்சா மெத்தை, திரைச்சீலை எல்லாம் மணக்கும், பேந்து கரடி இருக்கிற இடத்தில அந்த மணத்தோட படுக்கேலாது. ரைஸ் குக்கர் 30 ஆம்ப் கரண்ட் இருக்கிற இடத்தில வடிவா வேலை செய்யும், ஆனா ஏசி, குக்கர், கேத்தில் எல்லாத்தையும் ஒரே நேரம் போட்டா பிரேக்கர் விழும்.

மிசிசாகாவாசி

கம்பி வெச்ச படின்னா சரிதான். செயின்ட் ஷாட்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது, அதுக்காகப் போறதுன்னா நான் தடுக்கல. ஆனா மூணு வாரம்னா கியூபெக்ல எங்கயும் நிக்காம போயிடுங்க, திரும்பும்போது பார்த்துக்கலாம்.

வடமராட்சிப்பிள்ளை | ஜூலை கடைசி

வந்து சேர்ந்திட்டம். எல்லாருக்கும் ஒவ்வொண்டா நன்றி சொல்லோணும், நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ.

கியூபெக்ல நிக்காமப் போகச் சொன்னீங்கள், ஆனா ரிவியேர் டு லூப்புக்கு முன்னம் 20ஐ விட்டிட்டு 132ல ஆத்தோரமா ஓடினம், காமுராஸ்கா பக்கம். அம்மா இறங்கி தண்ணியைக் கையில எடுத்து நாக்கில வைச்சுப் பாத்திட்டு இது உப்புத்தான் எண்டா. அதுக்குப் பிறகு எந்தக் கரையில நிண்டாலும் அதே சோதனை.

நியூ பிரன்ஸ்விக்கை போகேக்க வேகமாக் கடந்திட்டம், ஹார்ட்லண்ட் பாலம் மட்டும். நோர்த் சிட்னியில காத்துக்காகக் கப்பல் பிந்தி, துறைமுக வரிசையிலயே சமைச்சு சாப்பிட்டு நித்திரை கொண்டம், அப்பதான் கேம்பரின்ர அருமை தெரிஞ்சது, கார்ல வந்த குடும்பங்கள் கதிரையில இருந்து விடிய விடிய முழிச்சதுகள். போர்ட் ஓ பாஸ்க்ல இறங்கேக்க ரெக்ஹவுசுக்கு எச்சரிக்கை இருந்தது. லொறியளெல்லாம் வரிசையா நிண்டது, நாங்களும் நிண்டம். மனுசன் போகலாம் போல கிடக்கெண்டார், நான் லொறிக்காரர் வெளிக்கிட்டாத்தான் நான் வெளிக்கிடுவன் எண்டு இருந்திட்டன். அடுத்த நாள் காத்து அடங்கி வெயில்ல போகேக்க பாத்தா மலை அவ்வளவு அமைதி.

க்ரோஸ் மோர்ன்ல ஜூன் 20ல இருந்து நுழைவுக் காசு இல்லை, தங்கிறதுக்கும் 25 வீதம் கழிச்சாங்கள், நாடு முழுக்க 2025 கோடைக்கு அப்பிடித்தான். டேபிள்லேண்ட்ஸ்ல மகன் அந்தப் பாறையைத் தொட்டுத் தொட்டு நடந்தான், பூமிக்குள்ள இருந்ததெண்டு சொன்னது அவனுக்கு மண்டைக்குள்ள நிண்டிட்டுது. அம்மாவுக்கு அதைவிட றோட்டோரத் தோட்டங்கள் பிடிச்சுது. அங்க நெடுஞ்சாலைக் கரையில, வீட்டில இருந்து கனதூரம் தள்ளி, சனம் வேலி அடைச்சு உருளைக்கிழங்கும் கோவாவும் போட்டிருக்கு, றோட்டுப் போடேக்க புரட்டின மண்ணாம், மற்ற இடமெல்லாம் கல்லும் சதுப்பும். காவல் இல்லை, பூட்டு இல்லை. ஒரு வயசான மனுசி கிண்டிக்கொண்டு நிண்டவ, அம்மா இறங்கிப் போய் கையால காட்டிக் கதைச்சு, போன வருசத்துக் கிழங்கு ஒரு பை வாங்கிக்கொண்டு வந்திட்டா.

நியூபவுண்லாந்து நேரம் ரொறன்ரோவை விட ஒண்டரை மணித்தியாலம் முன்னுக்கு இருக்கிறது அம்மாவுக்குச் சரியாப் போச்சு. ரொறன்ரோவில இருந்து ஊரில இருக்கிற பெரியம்மாவுக்கு எடுக்கிறதெண்டா ஒன்பதரை மணித்தியாலம் கூட்டோணும், நியூபவுண்லாந்தில இருந்து கோடையில சரியா எட்டு. காலமை தேத்தண்ணியோட, ஊரில பின்னேரமா இருக்கேக்க, எடுத்துக் கதைச்சா.

செயின்ட் ஜோன்ஸ் போன நேரம் மிடில் கோவ் எண்ட கடற்கரையில கேப்பலின் ஏறுது. விரல் நீள மீன், முட்டை விட கரைக்கு வரும், அலை ஒவ்வொண்டும் கொண்டு வந்து கல்லில கொட்டுது. சனம் வாளியோடயும் அத்தாங்கோடயும் நிக்குது. அம்மா சப்பாத்தைக் கழட்டி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினா பாருங்கோ, தண்ணி ஐஸ் மாதிரி, நாங்கள் கத்தக் கத்த கையால அள்ளுறா. திமிங்கிலம் அந்த மீனைத் துரத்திக்கொண்டு கரைக்குக் கிட்ட வந்து ஊதிச்சுது. பிள்ளையள் திமிங்கிலத்தைப் பாக்க, அவ மீனை விட்டு நிமிரவே இல்லை. மஞ்சள் உப்புப் போட்டு வெளி அடுப்பில நெத்தலி பொரிக்கிற மாதிரி முழுசாப் பொரிச்சம், பக்கத்துக் கேம்பர்க்காரர் மணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவை.

செயின்ட் ஷாட்ஸுக்கு அங்க இருந்து 10ஆம் நம்பர் றோட்டால தெற்க. மரமே இல்லாத வெளி, புகார் மூடி, கரிபூ மான் றோட்டைக் கடக்குது. ஊர் எண்டா கொஞ்ச வீடு, கடல் கீழ இரைஞ்சுகொண்டு கிடக்கு. ஆரும் இல்லையெண்டு நினைக்க, தன்ர ட்ரக்கை நிப்பாட்டி ஒரு ஐயா வந்து எங்க இருந்து வாறியள் எண்டார். நாங்கள் இலங்கைத் தமிழர் எண்ட உடனே அவருக்கு விளங்கிட்டுது. தனக்கு அப்ப இருபது சொச்சம் வயசு, படகில போன ஆக்களில தான் இல்லை, ஆனா அந்தக் கிழமை முழுக்க இந்தக் கரையெல்லாம் அதே கதை, வீட்டில இருந்த உடுப்புகளைக் குடுத்தனுப்பினவை எண்டார். அம்மா என்னை மொழிபெயர்க்கச் சொல்லி நிறையக் கேட்டா. அந்த மாசத்தில கடல் எவ்வளவு குளிர், எந்தப் பக்கத்தால காத்து வரும், அந்தப் படகுக்கு மூடி இருந்ததோ, எத்தனை பொம்பிளையள், பிள்ளையள் இருந்ததோ. அவர் தெரிஞ்சதைச் சொன்னார். இங்கத்தை மீன்பிடி 1992ல அரசாங்கம் கொட் மீனுக்குத் தடை போட்டதோட படுத்திட்டுது, பிள்ளையளெல்லாம் மேற்க வேலைக்குப் போட்டினம் எண்டு தன்ர கதையும் சொன்னார். அம்மா அதைக் கேட்டு, எங்கட பக்கமும் சண்டைக்காலத்தில கடலுக்குப் போக விடேல்ல எண்டு சொல்லச் சொன்னா. மகன் இவ்வளவும் கேட்டுக்கொண்டு நிண்டிட்டு, இரவில 155 பேரில எத்தனை பேர் ரொறன்ரோவில இருக்கினம் எண்டு கேட்டான். நான் அவனை நீலவானம் ஐயா எழுதினதை வாசிக்க வைச்சனான்.

அர்ஜென்ஷியாவில கப்பலுக்கு முன்னம் ஒரு விசயம், இனிப் போற ஆக்கள் கவனியுங்கோ. நியூபவுண்லாந்து மண்ணில கிழங்கு வருத்தம் இருக்கு, அதால உருளைக்கிழங்கும் மண் ஒட்டின செடியும் தீவை விட்டு வெளிய கொண்டு போகேலாது, சில்லில மண் இருந்தாக் கழுவ வேணும். மாணவன் தம்பி நேரில சந்திச்சபோது சொன்னவர், அதால அம்மா முதல் நாளே மிச்சக் கிழங்கு எல்லாத்தையும் அவிச்சுப் பிரட்டல் கறி வைச்சு, பாதி அவருக்கும் அவற்ர அறை நண்பர்மாருக்கும் போச்சுது.

கபட் டிரெயில் 18சில்லு அண்ணன் சொன்ன பக்கம், சின்ன கியர்ல. கூழ் பி.இ.ஐல காய்ச்சினம், நண்டும் மட்டியும் போட்டு, பலாக்கொட்டை மட்டும் இல்லை. பாலத்தில காத்து இல்லை. ஹோப்வெல்ல வத்தின நேரம் இறங்கி நடந்திட்டு ஆல்மாவில தங்கினம்.

மிசிசாகாக்காரருக்கு, பெற்றோல் நீங்கள் சொன்ன மாதிரியேதான் முடிஞ்சுது, அதில உங்கட கணக்குச் சரி.

மூஸ்நாட்டு_மாணவன்

அக்கா, கிழங்குக் கறி இங்க இன்னும் பேசறாங்க. அம்மாவ கேட்டதா சொல்லுங்க.

மழைக்குருவி | ஆகஸ்ட் 2025

இந்த இழையை இப்பதான் முழுசா வாசிச்சன். நாங்கள் செப்டெம்பர்ல வாடகைக் கேம்பர்ல போக இருக்கிறம், நோவா ஸ்கோஷியாவில காட்டுக்குள்ள போகத் தடை எண்டு சொல்லுறாங்கள், போகலாமோ? ஓகஸ்ட் 1ல இருந்து பாலக் காசு 20 டொலராக் குறைஞ்சிட்டுதெண்டும் கேள்விப்பட்டன்.

ஹாலிஃபாக்ஸ்_கோவை

ஆமா, பாலம் இப்ப 20 டாலர், ஃபெர்ரி கட்டணமும் பாதியாச்சு. நியூஃபவுண்ட்லேண்ட் கப்பலும் அப்படித்தான்.

தடை உண்மைதான், 2025 ஆகஸ்ட் 5ல இருந்து. மழையே இல்ல, காடு காஞ்சு கிடக்கு. காட்டுப் பாதைல நடந்தா 25,000 டாலர் அபராதம். கேம்ப்கிரவுண்டும் கடற்கரையும் திறந்திருக்கு, ஆனா தீ மூட்டக் கூடாது, காஸ் அடுப்புல சமைச்சுக்கோங்க. மழை பெஞ்சா மாவட்டம் மாவட்டமா எடுப்பாங்க, கிளம்பற அன்னைக்கு மாகாண வெப்சைட்ட பாருங்க. நியூஃபவுண்ட்லேண்ட்லயும் கான்செப்ஷன் பே வடக்குப் பக்கம் பெரிய தீ, அங்க போறதா இருந்தா ரோடு திறந்திருக்கான்னு கேட்டுட்டுப் போங்க.

18சில்லு

செப்டெம்பர் எண்டா புயலையும் பாருங்கோ. 2022 செப்டெம்பர் 24ல பியோனா வந்து போர்ட் ஓ பாஸ்க்ல வீடுகளைக் கடலுக்குள்ள இழுத்துக்கொண்டு போனது. கப்பல் நிக்கும், பாலம் பூட்டும். வாடகை வண்டியைத் திருப்பிக் குடுக்கிற திகதிக்கும் கடைசிக் கப்பலுக்கும் நடுவில ரெண்டு மூண்டு நாள் வெறுமையா விடுங்கோ. அர்ஜென்ஷியாக் கப்பல் மாசக் கடைசியோட நிண்டிடும், அதை முதல் கேட்டு வையுங்கோ. வாடகைக்கு எடுக்கேக்க ஹீற்றரையும் பிரிட்ஜையும் அவையளின்ர முற்றத்திலயே காஸ்ல போட்டுப் பாத்திட்டுத்தான் கையெழுத்து வைக்கோணும்.

மழைக்குருவி

சரி அண்ணா. உயரம் அளக்கிற நாடா வாங்கியாச்சு. திகதி முடிவான உடனே இங்கயே எழுதுறன்.